ஒரே மெயிலில் இரண்டு தேதி

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. பொட்டலம் என்றால்தான் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு மெயில் உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று அவரிடம் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து பழைய காகித உறைகளை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, முக்கால் மணி நேரம் விளக்கினார். நடுவில் நான் இரண்டு தடவை கொட்டாவி விட்டேன். அதையெல்லாம் கவனிக்கிற ஆள் அவர் இல்லை.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். மெயில் என்பது நாம் நினைப்பதுபோல ஒரு தாள் அல்ல, ஒரு பொட்டலம். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது என்ன வகை என்று. பிரித்தால் ஒன்று சரக்கு இருக்கும், இல்லையென்றால் இன்னும் சில சின்னப் பொட்டலங்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து இருக்காது. சின்னப் பொட்டலத்தைப் பிரித்தாலும் இதே கதைதான். நிரலில் அவர் எழுதிவைத்த அமைப்பும் அவ்வளவுதான்: வகை, சரக்கு, குட்டிப் பொட்டலங்களின் பட்டியல். மூன்றே வரி. மருத்துவமனைகளும் நூலகங்களும் பள்ளிகளும் மக்களுக்கு அனுப்பும் அறிவிப்பு மெயில்களைக் கட்டிக் கொடுக்கிற மென்பொருள்தான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. அந்தப் பிழைப்பு முழுவதும் அவருடைய அந்த மூன்று வரிமேல் நின்றது.

அந்தப் பொட்டலங்களில் ஒன்றை அவர் மாற்றுப் பெட்டி என்பார். ஒரே செய்தியை இரண்டு உடுப்பில் அதற்குள் வைத்து அனுப்புவார்கள். ஒன்று வெறும் எழுத்து. மற்றது நிறம், படம், கட்டம் எல்லாம் போட்ட அலங்காரம். வாங்குகிறவரின் கணினி தனக்குத் தோதான ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிடும். நூறில் தொண்ணூற்றொன்பது பேர் அலங்காரத்தைத்தான் பார்க்கிறோம். கூடவே வெறும் எழுத்தும் ஒன்று வருகிறது என்பதே நமக்குத் தெரியாது.

அந்த நூறாவது ஆள் அவருடைய அக்கா.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன். "இவன் பேச ஆரம்பிச்சா எந்தப் பொண்ணு உக்காந்து கேட்பா, எனக்கு வந்த மாப்பிள்ளைங்களை எல்லாம் இவன் பேசியே அனுப்பிட்டான்" என்று அக்கா சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. வாசல் கதவிலிருந்து சமையலறை வரை பதினொரு அடி, அங்கிருந்து ஜன்னலுக்கு ஆறு. அக்கா எண்ணி வைத்திருந்தார். அந்த வீட்டில் நாற்காலியை நகர்த்தினால் பழைய இடத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நான் ஒரு தடவை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். வலது கண் எப்போதோ போய்விட்டது. இடது கண்ணின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம் மிச்சம். அந்த வட்டத்தில் ஜன்னல் வெளிச்சம் தெரியும். நேர் எதிரே வந்து நின்றால் தம்பியின் முகத்தில் பாதி தெரியும். "மூக்கும் மீசையும் தெரியுது, அது போதும், மீதி எனக்குத் தெரிஞ்சதுதானே" என்பார்.

அதை வைத்துக்கொண்டு அவர் வேலைக்கும் போனார். ஒரு பெரிய தொழிற்சாலையின் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தோரு வருடம். உள்ளே இருக்கும் நானூற்றுச் சொச்சம் எண்களும் அவருக்கு மனப்பாடம். கூப்பிடுகிறவர் ஆளின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் விரல் பொத்தானை அழுத்தியிருக்கும். வெளிச்சம் குறைந்தது அந்த வேலையை ஒன்றும் செய்யவில்லை. எண்கள் அவர் தலையில் இருந்தன.

வீட்டில் மெயில் வந்தால் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவருக்கு வாசிக்கும். அலங்கார மெயிலை அது வாசிக்கிற அழகைக் கேட்டால் கல்லுக்கும் கோபம் வரும். "படம். படம். கட்டம், நான்கு வரிசை, மூன்று பத்தி. காலி. காலி. இணைப்பு." விஷயம் வருவதற்குள் விடிந்துவிடும். அதனால் அக்கா தன் கணினியில் வெறும் எழுத்தை மட்டும் எடுக்கும்படி தம்பியிடம் சொல்லி மாற்றி வைத்திருந்தார். கேட்டு முடித்ததும் மெயிலை அழித்துவிடுவார். பட்டியல் நீண்டால் ஒவ்வொரு தலைப்பையும் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்குப் பொறுமை இல்லை.

இனி எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். மென்பொருளை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டிருந்த சமயம். எங்கள் மேலாளர், அலங்கார உரையை மட்டும் வாடிக்கையாளர் எழுதட்டும், வெறும் எழுத்தை அதிலிருந்து இயந்திரமே உருவி எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மூலம் ஒன்றே இருந்தால் பிழை குறையும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் பொட்டலம் அன்றைக்கு ஒரு ஒலிபெருக்கியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இயந்திரம் உருவி எடுத்த எழுத்து எப்படிக் காதில் விழும் என்று இரண்டரை நிமிடம் ஓட விட்டார். கோடு, கோடு, நட்சத்திரம், காலி என்று அது முனகிக்கொண்டே போனது. "இதை ஒரு மனுஷி தினமும் கேக்கணும். அவங்களுக்குன்னு ஒருத்தர் உக்காந்து கையால நாலு வரி எழுதக் கூடாதா?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டார். நான் பார்க்க அந்த அலுவலகத்தில் அவர் ஜெயித்த ஒரே விஷயம் அது. மாற்றுப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி அறைகள், இரண்டையும் மனிதர்களே நிரப்ப வேண்டும், வெறும் எழுத்தறை காலியாக இருந்தால் மெயில் போகாது என்று எழுதிவைத்தார். நான் சோதிப்பவள். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இரண்டு அறையும் நிரம்பினால் போகிறதா, போகிறது. ஒன்று காலியானால் நிற்கிறதா, நிற்கிறது. பச்சைக் குறி போட்டேன். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. வேறு வேறு சொல்லும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

அக்கா போய்வந்த கண் மருத்துவமனை எங்கள் மென்பொருளை வாங்கியபோது பொட்டலத்துக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அக்காவுக்கு வரும் மெயில் தன் பெட்டியில் வருகிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். துணைக்கு வருகிறவர் என்ற முறையில் ஒவ்வொரு மெயிலும் அவருக்கும் ஒரு பிரதி வரும். அவர் அதைப் பிரிக்க மாட்டார். தன் காரியத்தில் யாரும் மூக்கை நுழைப்பது அக்காவுக்குப் பிடிக்காது, தம்பியாகவே இருந்தாலும் சரி. மெயில் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் அவர் அக்காவுக்குக் கொடுத்த மரியாதை.

மிச்சமிருந்த அந்தப் பொத்தான் வட்டத்தைக் காப்பாற்ற ஓர் அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்றார்கள். அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர் வெளியூரிலிருந்து எப்போதாவது வருபவர். நாள் குறித்து மெயில் வந்தது. அக்கா கேட்டார், இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி என்று தம்பியிடம் சொன்னார், வழக்கம்போல மெயிலை அழித்தார். பொட்டலம் இருபத்தேழாம் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

இருபத்தேழாம் தேதி மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பதினாறாம் தேதி அல்லவா கொடுத்தோம், மருத்துவர் பதினெட்டாம் தேதியே கிளம்பிவிட்டாரே என்றாள். பொட்டலம் தன் கைபேசியை எடுத்து, அதுவரை பிரிக்காத பிரதியைப் பிரித்தார். நீலப் பட்டைக்கு நடுவில் கொட்டை எழுத்தில் பதினாறு, திங்கட்கிழமை.

அந்த இடத்தில் அவர் அக்காவைத் திட்டினார். பின்னால் வரிசையில் இருபது பேர் நின்றார்களாம். பதினாறு என்று இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், இருபத்தேழு என்று எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டார். அக்கா, இருபத்தேழு என்றுதான் வந்தது என்று ஒரு தடவை சொன்னார். மறுபடியும் சொல்ல வந்தபோது அவர் வெட்டினார். "உனக்கு இப்பல்லாம் நம்பர் நிக்க மாட்டேங்குது. அம்மாவுக்கு ஆரம்பிச்ச மாதிரியே இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை.

அம்மா என்று அவர் சொன்னதன் கனம் தெரிய வேண்டும். அவர்களுடைய அம்மா கடைசி நான்கு வருடம் எதுவும் நினைவில்லாமல் இருந்தவர். முதலில் தேதிகள் போயின, பிறகு பெயர்கள், பிறகு பிள்ளைகள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அக்கா. கண் போவதை அக்கா கேலி பேசியே சமாளித்தார், நான் பார்த்திருக்கிறேன். புத்தி போவதுபற்றி மட்டும் கேலி பேசமாட்டார்.

மருத்துவர் அடுத்து வர ஏழு வாரமாயிற்று. சிகிச்சை நடந்தது. ஆனால் அதற்குள் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுகூட இப்போது அக்காவுக்கு அடிகளை எண்ணித்தான் தெரியும்.

இது நடந்து ஒரு மாதத்தில் அக்கா வேலையை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. ஒரு தப்பான இணைப்புக்கூட அவர் கொடுத்ததாகப் புகார் இல்லை. ஆனால் கை பொத்தானுக்குப் போகும்போதெல்லாம் இது சரியான எண்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணையும் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக் கேட்டுப் போட்டிருக்கிறார். முப்பத்தோரு வருடத்தில் யாரையும் எதுவும் கேட்டிராத மனுஷி. பிறகு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் இடத்தில் தொழிற்சாலை வேறு ஆளைப் போடவில்லை, தானியங்கிக் குரல் ஒன்றைப் போட்டது.

நான் அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் அடையாளமே தெரியாத அக்காவைப் பார்த்தேன். டீயில் சர்க்கரை போட்டேனா என்று இரண்டு தடவை கேட்பார். கிழமையை என்னிடம் சரிபார்ப்பார். சரியாகவே சொல்லியிருப்பார், ஆனால் நான் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார். பொட்டலம் அதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார், பார்த்தீர்களா, நான் அன்றைக்கே சொன்னேன் என்பதுபோல. எனக்கும் அப்படித்தான் பட்டது, அதை மறைத்து என்ன பயன். வயதாகிவிட்டது, அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருகிறது என்று நானும் நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நூலகத்திலிருந்து ஒரு புகார் என் மேசைக்கு வந்தது. வாசகர் ஒருவர் திறக்கும் நேரத்தைத் தப்பாகத் தெரிந்துகொண்டு வந்து வாசலில் நின்றிருக்கிறார். பார்வையில்லாதவர். நான் அந்த மெயிலை அலங்காரம் இல்லாமல், கட்டிய பொட்டலமாகவே திறந்து பார்த்தேன். மாற்றுப் பெட்டிக்குள் ஓர் அறை எட்டு மணி என்றது, மற்ற அறை பத்து மணி என்றது. நடந்தது உடனே புரிந்துவிட்டது. நூலகத்தில் முதலில் எட்டு என்று எழுதி இரண்டு அறையிலும் போட்டிருக்கிறார்கள். பிறகு நேரம் மாறியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற அறையில் திருத்திவிட்டு, அடுத்த பக்கத்தில் ஒளிந்திருக்கும் வெறும் எழுத்தை மறந்துவிட்டார்கள். அது காலியாக இல்லாததால் எங்கள் மென்பொருளும் நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டது.

எனக்கு இப்படி ஒரு குறை மாட்டினால் குஷி வந்துவிடும். எழுந்து நின்று, "அண்ணா, உங்க பெட்டிக்குள்ள ரெண்டு பிள்ளைங்களும் ரெண்டு விதமா பேசுது, வந்து பஞ்சாயத்து பண்ணுங்க" என்றேன், பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் வந்து என் திரையைப் பார்த்தார். எட்டைப் பார்த்தார், பத்தைப் பார்த்தார். தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, தன்னுடைய சொந்த மெயில்களைத் தேட ஆரம்பித்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அவர் பின்னால் நின்றேன். மருத்துவமனை மெயிலை எடுத்து, அலங்காரத்தை விலக்கி, உள்ளே இருந்ததை வரி வரியாகக் கீழே தள்ளினார். வெளிப் பொட்டலம், அதற்குள் மாற்றுப் பெட்டி, அதில் முதல் அறை. வெறும் எழுத்து. அக்காவுக்காக யாரோ கையால் எழுதிய நாலு வரி.

இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கழுத்தை மட்டும்தான் பார்த்தேன். அது அசையவே இல்லை.

பிறகு பத்து நாள் அவர் அதே வேலையாக இருந்தார். திருத்தத்தை எழுதினார். மாற்றுப் பெட்டியின் இரண்டு அறைகளிலும் வருகிற தேதி, நேரம், எண் இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் மெயில் நகராது, எழுதியவரைக் கூப்பிட்டுக் காட்டும். ஒரே நாள் வேலை அது. ஒரே நாள் வேலை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மீதி ஒன்பது நாளும் அவர் அதையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடம் சொன்னீர்களா என்று தினமும் கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, கண் திரும்பவா வரும் என்றார். பதினோராம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு அறையில் அவரை நிறுத்திவைத்து வாய்க்கு வந்தபடி பேசினேன். "கண்ணை விடுங்க. தனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு அங்க ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. அதையாவது திருப்பிக் குடுங்க" என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நீங்களும் வாருங்கள் என்றார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம். பொட்டலம் கணினியைத் திறந்து, தன் பிரதியிலிருந்த வெறும் எழுத்தை எடுத்து, அக்காவின் மென்பொருளில் ஓட விட்டார். ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் வாசித்தது. இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி.

அக்காவின் கை மேசைமேல் அப்படியே நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். இது யாருடைய மெயில் என்று விசாரித்தார். பொட்டலம் எல்லாவற்றையும் சொன்னார். மாற்றுப் பெட்டி, இரண்டு அறை, காலியாக விடக் கூடாது என்று தான் போட்ட விதி, அந்த விதிக்காகவே யாரோ முதலில் எழுதியதை ஒட்டிவைத்துவிட்டு மறந்தது. பிழை தன்னுடையது என்றார்.

அக்கா சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார், பழைய சிரிப்பு, பல் தெரிய.

"அப்ப எனக்குப் புத்தி தடுமாறல. இருபத்தேழுன்னுதான் வந்திருக்கு. நான் சரியாத்தான் சொன்னேன்."

நான் அழுதுவிட்டேன். எனக்கு அழுகை வராது என்று அலுவலகத்தில் பேர். அக்கா என் பக்கம் கையை நீட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இணைப்பகத்து எண்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். கிடங்கு இருநூற்றுப் பதினாறு, சாயப் பிரிவு இருநூற்று நாற்பது, மருந்தறை முந்நூற்று மூன்று. எங்கேயும் தட்டவில்லை. நானூறும் சொல்லிவிடுவார் போல இருந்தது. அந்த எண்களைக் கேட்க இப்போது அங்கே ஆளில்லை என்பது நடுவில்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டார்.

பொட்டலம் தலையைக் குனிந்தபடி, தப்பான பெட்டியைக் கட்டிவிட்டேன் அக்கா என்றார், திரும்பத் திரும்ப அதையே.

"பெட்டி கெடக்கட்டும்டா. பெட்டியில யாரு வேணா தப்பு பண்ணலாம்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி நான் இருபத்தேழுன்னு சொன்னேன். அக்கா சொன்னா அப்படித்தான் வந்திருக்கும், என்னன்னு பாப்போம்னு உனக்கு ஒரு தடவகூட தோணலியே. எனக்குன்னு தனியா ஒரு அறை கட்டினியாமே. அதுக்குள்ள எட்டிப் பாத்திருக்கலாம்ல."

அக்கா எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டு, சமையலறைக்கு நடந்தார். எத்தனை அடி என்று உதடு அசைந்து எண்ணியது. மூன்று டம்ளர் டீ வந்தது. சர்க்கரை போட்டேனா என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.